தூக்கம் கலைக்காத சத்தம்

கிட்டார் மாடலருக்கு எந்த ஸ்பீக்கர் நல்லது என்று என்னிடம் கேட்காதவர்கள் உங்களில் யாரும் இல்லை. சிலர் போனில் கேட்கிறீர்கள். சிலர் ஆரியசாலைக் கடைத்தெருவில் நான் பருப்பு வாங்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று கேட்கிறீர்கள். ஓய்வு பெற்ற மனிதன் நிம்மதியாகப் பருப்பு வாங்கக் கூடாதா? ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன். கேள்வி நல்ல கேள்விதான். அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நேற்று நம் ஒலி அமைக்கிற வேலைக்கு வந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அடியிலிருந்து தொடங்குகிறேன். என் காலத்தில் கிட்டார்காரன் மேடைக்கு வரும்போது ஒரு வால்வு ஆம்பையும், அதாவது ஆம்ப்ளிஃபயரையும், கொண்டுவருவான். தூக்குவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆம்பின் பெட்டிக்கென்று ஒரு குரல் உண்டு. நாம் அதன் வாயருகே மைக்கை வைத்து, வருவதைப் பெரிதாக்கிக் கூட்டத்துக்குக் கொடுப்போம். மாடலர் வந்தபின் அந்தச் சுமை போயிற்று. காலடியில் கிடக்கிற ஒரு தட்டையான கருவி ஆம்பையும் பெட்டியையும் மைக்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாவனை செய்துவிடுகிறது. அதைக் கொண்டுபோய் இன்னொரு கிட்டார் ஆம்பில் சொருகினால் பெட்டிக்குள் பெட்டியாகி, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் அமுங்கிப்போகும். அதற்கு வேண்டியது தனக்கென்று குரல் இல்லாத ஸ்பீக்கர். அடிச்சத்தம் முதல் உச்சி வரை வருவதை வந்தபடி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற, உள்ளேயே பவர் ஆம்ப் வைத்த ஆக்டிவ் ஸ்பீக்கர். எந்தக் கம்பெனி என்பது உங்கள் சட்டைப்பையைப் பொறுத்தது.

யாரும் கேட்காத கேள்வி, எவ்வளவு சத்தத்தில் என்பது. நம் காது ஒரு வினோதமான சாமான். மெல்லிய சத்தத்தில் அதற்கு அடியும் உச்சியும் சரியாகக் கேட்காது. நடுவில் இருப்பதுதான் கேட்கும். கிட்டார்காரன் வீட்டில், பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து, மெல்ல வைத்துக்கொண்டு தன் பிரீசெட்டை, அதாவது மாடலரில் சேமித்து வைக்கிற ஒலி அமைப்பை, உருவாக்குவான். அடி போதவில்லை என்று கூட்டுவான். உச்சி போதவில்லை என்று அதையும் கூட்டுவான். அவன் அறையில் அது அருமையாக இருக்கும். அதையே மேடையில் கொண்டுவந்து சத்தத்தை ஏற்றினால் அடி குமுறும், உச்சி காதைக் கீறும். உடனே நீங்கள் ஸ்பீக்கரைத் திட்டுவீர்கள், அவன் உங்களைத் திட்டுவான். மாடலர் வைத்திருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது இந்தக் குழியில் விழுந்தவர்கள்தான். மருந்து நம் மிக்ஸரிலேயே இருக்கிறது. அடியைக் கொஞ்சம் வெட்டு, உச்சியைக் கொஞ்சம் வெட்டு, நடுவைத் தூக்கு. முடிந்தது வேலை. நான் வேலை பார்த்த காலமெல்லாம் அதைத்தான் செய்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு நாள் மட்டும் அந்த மருந்து உதவவில்லை. அந்த நாளைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்டீபனை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். பகலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர், மாலையில் கிட்டார். கல்யாண வரவேற்பு, ஓட்டல், சபைப் பாடகர் குழு என்று அவன் வாசிக்காத இடமில்லை. பெரும்பாலான இடங்களில் அவனுக்கு ஒலி அமைத்தவன் நான். மேடையில் ஆடமாட்டான், சிரிக்கமாட்டான், கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். கரண்டு போய்விட்டால்கூட அப்படியே நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். ரத்தத்தில் ஒரு நோய் வந்து, ஆம்பைத் தூக்குகிற தெம்பு போனபோது, மாடலரும் ஓர் ஆக்டிவ் ஸ்பீக்கரும் வாங்கினான். வாங்கிய கொஞ்ச நாளில் மேடைக்கு வருவதும் நின்றுபோயிற்று. லீவில் வீட்டில் இருந்தான். அங்கேயே இறந்தும் போனான். நான் அடக்கத்துக்குப் போனேன். அன்று அவன் மனைவி சுகந்தியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

சில வாரம் கழித்து நேமத்தில் அவர்கள் சபையில் நினைவு ஆராதனை வைத்தார்கள். அவன் மகள் பிளெஸ்ஸி எனக்குப் போன் செய்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். நம் ஊர்ப் பிள்ளைகள் பேசுகிற மாதிரி பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவாள். அப்பா கடைசியாகத் தானே கட்டிய ஒரு மெட்டு இருக்கிறது, அதை அப்பாவின் மாடலரில், அப்பா வைத்துவிட்டுப் போன அதே அமைப்பில் ஆராதனையில் வாசிக்கப்போகிறேன், நீங்கள் வந்து நிற்க வேண்டும் என்றாள். சபையில்தான் ஒலிக்கு நல்ல ஆள் இருக்கிறானே, அனீஷ் இருக்கும்போது நான் எதற்கு என்று கேட்டேன். நீங்கள்தான் அப்பாவை அதிகம் கேட்டவர் என்றாள். அதற்கு மேல் மறுக்க முடியுமா?

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. நல்ல வெயில் காலம். ஆராதனைக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அனீஷை உங்களுக்கெல்லாம் தெரியும். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தான். மாடலரிலிருந்து நேராக மிக்ஸருக்கு ஒரு கேபிள், அங்கிருந்து சபையின் பெரிய ஸ்பீக்கர்களுக்கு. சபையார் புதிதாகப் பணம் திரட்டி மாட்டிய ஸ்பீக்கர்கள். அவர்களுக்கு அதில் பெருமை. பிளெஸ்ஸி அப்பாவின் கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசித்தாள். நான் மேலே சொன்னதெல்லாம் நடந்தது. அடி குமுறி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேல் தந்தியைத் தொட்டால் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருந்தது. பிளெஸ்ஸியின் முகம் வெளுத்துப்போயிற்று.

அனீஷ் குனிந்து மாடலரில் கை வைக்கப் போனான். பிளெஸ்ஸி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடண்டாம் சேட்டா. அப்பா வச்சது அப்படியே இருக்கட்டும்."

அப்போதுதான் விஷயம் எனக்குப் புரிந்தது. ஸ்டீபன் தன் வாசிப்பை ஒரு நாளும் பதிவு செய்து வைத்ததில்லை. ரெக்கார்டு பட்டனைப் பார்த்தால் விரல் கட்டிக்கொள்ளும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறான். கல்யாண வீடியோக்களில் மணமக்கள் இருப்பார்கள், பிரியாணி இருக்கும், அவன் இருக்கமாட்டான். மெட்டு மகளின் விரலில் இருந்தது. குரல் அந்த மாடலருக்குள் இருந்தது. ஸ்டீபனிடமிருந்து கேட்கக்கூடியதாக மிச்சம் இருந்தது இவ்வளவுதான். அதில் ஒரு குமிழைத் திருகினாலும் அது திருகினவனுடையதாகிவிடும் என்று அந்தப் பெண் பயந்தாள். அந்தப் பயம் நியாயமானது.

மாடலரைத் தொடவேண்டாம், மிக்ஸரில் சரிசெய்வோம் என்றேன். செய்தேன். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை, நன்றாகவே செய்தேன். அடியை வெட்டி, உச்சியைத் தணித்து, அந்த மண்டபத்துக்கு ஏற்றபடி நடுவைத் தூக்கினேன். கிட்டார் உருண்டு திரண்டு வந்தது. சபைச் செயலாளர் பின்னாலிருந்து தலையை ஆட்டினார். அனீஷ் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிளெஸ்ஸி பாதியில் நிறுத்திவிட்டுக் கிட்டாரைக் கழற்றிப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அங்கிள். பக்ஷே இது அப்பா இல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதை வாசித்தால் இனிமேல் என் காதிலும் இதுதான் நிற்கும், அப்பா வைத்தது போய்விடும், அதைவிட வாசிக்காமல் இருப்பதே மேல் என்று மெதுவாகச் சொன்னாள். அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். செயலாளர் பக்கத்தில் வந்து, நேரமாகிறது, வேண்டுமானால் கீபோர்டில் ஏதாவது ஞானப்பாட்டு வாசிக்கச் சொல்லிவிடலாமே என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். சுகந்தி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை.

உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். இப்படி ஓர் இக்கட்டில் நம் கை தானாகக் குமிழ்களுக்குப் போகும். கொஞ்சம் இதை வெட்டிப் பார்ப்போம், கொஞ்சம் அதைக் கூட்டிப் பார்ப்போம் என்று கை பரபரக்கும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு பிளெஸ்ஸியிடம் வீட்டில் அப்பா எதில் கேட்டார் என்று கேட்டேன். அவருடைய ஆக்டிவ் ஸ்பீக்கரில்தான், அதையும் வண்டியில் கொண்டுவந்திருக்கிறேன், அனீஷ் சேட்டன் வேண்டாம் என்றதால் இறக்கவில்லை என்றாள். அனீஷ் சொன்னது தப்பில்லை. நேராக மிக்ஸருக்குப் போகும்போது அது எதற்கு? இருந்தாலும் இறக்கச் சொன்னேன். ஒரே ஒரு ஸ்பீக்கர். அதைப் பீடத்துக்குக் கீழே ஒரு மர நாற்காலியில் வைத்து, மிக்ஸர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மாடலரை நேராக அதில் கொடுத்தேன்.

வண்டியில் வந்ததில் அதன் சத்தக் குமிழ் நகர்ந்து மேலே போயிருந்தது. அதிலும் அதே குமுறல்தான், அதே கீறல்தான். அனீஷ் என்னைப் பார்த்தான். நான் ஸ்பீக்கரின் பின்னால் போய்ச் சத்தத்தைத் தணித்துக்கொண்டே வந்தேன். தணியத் தணிய அடி அடங்கிற்று, உச்சி கனிந்தது. ஓரிடத்தில் பிளெஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இதுதான், இதுக்குப் பக்கத்தில்தான் என்றாள். அப்பா ஏன் இவ்வளவு மெல்ல வைத்தார் என்று கேட்டேன். அம்மா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றும், பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக நைட் டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றும் சொன்னாள். காலையில் வந்து, வீட்டு வேலை முடித்து, மத்தியானம் அம்மா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். அந்த நேரத்தில்தான் அப்பா முன்னறையில் வாசிப்பார். கல்லூரி விட்டு வந்தால் பிளெஸ்ஸி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். அம்மா தூக்கம் கலையாத அளவுக்குத்தான் சத்தம் வைப்பார்.

அப்படியென்றால் அந்தப் பிரீசெட்டில் தப்பு ஒன்றுமில்லை. ஸ்டீபன் என்ற தேர்ந்த காதுக்காரன், தன் மனைவியின் தூக்கம் கலையாத சத்தத்துக்குத் தன் கிட்டாரைப் பொருத்தியிருக்கிறான். அதன் அடியும் உச்சியும் அந்த அளவுக்குத்தான் சரி. அந்த அளவை மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்தோம் என்று சொன்னால் அது பொய். சத்தமும் பிரீசெட்டின் ஒரு பாகம். அதை மட்டும் எந்தக் கருவியும் சேமித்து வைப்பதில்லை.

அனீஷ் மண்டபத்தின் கடைசிக்கு நடந்துபோய் நின்றான். "அண்ணாச்சி, இங்க ஒண்ணும் கேக்கல்ல கேட்டோ," என்றான்.

கேட்காதுதான். வெளியே நெடுஞ்சாலை. பஸ்காரன்கள் ஹார்னில் கையை ஊன்றிக்கொண்டே ஓட்டுகிற இடம். தலைக்கு மேல் விசிறிகள் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தன. கடைசி வரிசையில் இருக்கிறவனுக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் நம் தொழிலின் முதல் பாடம். நான் அதற்காகவே வாழ்ந்தவன். எத்தனையோ கிட்டார்காரர்களிடம் சண்டை போட்டவன். அனீஷ் ஒரு வழி சொன்னான். இருக்கிற சின்ன ஸ்பீக்கர்களைப் பெஞ்சுகளின் ஓரமாக வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் இதே அளவில் கொடுக்கலாம் என்றான். நல்ல யோசனை. வேறொரு நாளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குரல். பொருத்திப் பார்க்க நேரமும் இல்லை. செயலாளர் மறுபடியும் வந்து, இவ்வளவு பெரிய செட் மாட்டியிருக்கிறோம், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் நாளைக்கு என்னைத்தானே கேட்பார்கள் என்றார். அவர் கவலை அவருக்கு.

"கேக்காதவங்க எந்திச்சு முன்னால வரட்டும் வே," என்றேன். "இன்னைக்குப் பெட்டி ஆளுககிட்ட போவாது. ஆளுகதான் பெட்டிகிட்ட வரணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போதகரிடம் போனார். போதகர் நல்ல மனிதர். தூரத்திலிருந்தே சரி என்பதுபோல் கையைக் காட்டினார்.

இனி ஒரே ஒரு வேலைதான். சரியான அளவைப் பிடிக்க வேண்டும். பிளெஸ்ஸி வாசித்தாள், நான் கொஞ்சம் ஏற்றினேன், கொஞ்சம் இறக்கினேன். இது என்பாள், மறு நிமிஷம் இல்லை என்பாள். அவள் அப்பாவின் முழங்காலருகே உட்கார்ந்து கேட்டவள். இது பெரிய மண்டபம். அவள் காதும் குழம்பிப்போயிருந்தது. குழம்பிய காதை நம்பக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கவிட வேண்டும். நிறுத்து மகளே, ஒரு வாய் தண்ணீர் குடி என்றேன்.

அப்போது சுகந்தி எழுந்து வந்தாள். பீடத்துக்குப் பக்கவாட்டில் போதகர் அங்கி மாற்றுகிற சின்ன அறை இருந்தது. அதைக் காட்டி, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று அனீஷிடம் கேட்டாள். இல்லை என்றான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துக்கம் தாங்காமல் தனியாக இருக்கப் போகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. வாசிக்கச் சொன்னாள்.

பிளெஸ்ஸி வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"இன்னும் கூடுதலாட்டு இருக்கு அண்ணாச்சி. தாழ்த்தணும்."

தாழ்த்தினேன். கதவு சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தது. இன்னும் ஒரு பொட்டு என்றாள். தாழ்த்தினேன். மூன்றாவது முறை கதவு திறக்கவில்லை. பிளெஸ்ஸி மெட்டின் கடைசி வரை போய் நிறுத்தினாள். அப்போதும் திறக்கவில்லை. அவள் கிட்டாரோடு போய்க் கதவைத் தள்ளினாள். நானும் அனீஷும் பின்னால் நின்றோம். சுகந்தி ஒரு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"அம்மா, அப்போ நீ ஒறங்கவே இல்லியா?" என்று பிளெஸ்ஸி கேட்டாள்.

சுகந்தி கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

"நான் ஒறங்குதேன்னு நெனச்சுத்தான் அவிய வாசிப்பாவ. முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா கிட்டாரை வச்சிருவாவ. அதனால அனங்காம கெடப்பேன். அப்போ ஒறக்கம் கண்ணைக் கட்டும், இருந்தாலும் ஒறங்க மாட்டேன். இப்போ ஒறங்கலாம். ஒறக்கம் வருகதில்ல."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பி வந்து, ஸ்பீக்கரின் குமிழ் நின்ற இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினேன். அந்த வீட்டில் ஒருவர், மற்றவரின் தூக்கம் கெடக் கூடாது என்று மெல்ல வாசித்திருக்கிறார். இன்னொருவர் அந்த வாசிப்பு நிற்கக் கூடாது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். இருவரும் கடைசி வரை அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவ்வளவு காலமும் அந்தச் சத்தத்தின் அளவு எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தவள், அதைக் கேட்கவில்லை என்று எல்லோரும் நினைத்த ஒருத்திதான்.

ஆராதனை தொடங்கியது. ஜெபம், வேதபாடம், பாட்டு எல்லாம் பெரிய ஸ்பீக்கர்களில் அனீஷின் கையில் ஒழுங்காகப் போயின. பிளெஸ்ஸியின் முறை வந்ததும் போதகர் எல்லோரையும் எழுந்து முன்னால் வரச் சொன்னார். சபைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், பின் பெஞ்சில் உட்கார்ந்தவரை முன்னால் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அன்று வந்தார்கள். பெஞ்சில் இடமில்லாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள், அதற்கும் இடமில்லாதவர்கள் சுவரோரமாக நின்றார்கள். சாலைப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினோம். கடைசியாக விசிறிகளை நிறுத்தினோம். அந்த வெயில் காலத்தில் விசிறி நின்ற உடனே எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டிற்று. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

நான் சுகந்தியிடம் குனிந்து, வேண்டுமானால் அந்த அறையிலிருந்தே கேட்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். இன்றைக்குக் கதவு வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்றாள். பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து தூணில் சாய்ந்துகொண்டாள்.

பிளெஸ்ஸி தொடங்கினாள். ரொம்பச் சின்ன மெட்டு. மூன்று தந்திகளுக்குள் ஏறி இறங்கும். ஓரிடத்தில் தயங்கி நின்று, பின் ஏதோ நினைவு வந்ததுபோல் வீட்டுக்குத் திரும்பும். மைக் இல்லை, மிக்ஸர் இல்லை. ஒரு மர நாற்காலியில் ஒரு ஸ்பீக்கர், அதைச் சுற்றி அவ்வளவு ஜனம். அடி குமுறவில்லை, உச்சி கீறவில்லை. ஸ்டீபன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பெரிய மைதானங்களை அதிர வைத்திருக்கிறேன். இவ்வளவு கொஞ்சம் சத்தத்தை இவ்வளவு பயத்தோடு நான் ஒரு நாளும் காவல் காத்ததில்லை. யாராவது இருமிவிடுவார்களோ, யாருடைய போனாவது அடித்துவிடுமோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெட்டு முடியப்போகிற நேரத்தில் பிளெஸ்ஸி அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சுகந்தியின் தலை தூணிலிருந்து நழுவிப் பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் கிடந்தது. முதலில் மயக்கம் என்று நினைத்துப் பதறிவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, இல்லை என்பதுபோல் கையை லேசாக அசைத்தாள். சுகந்தியின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. அவள் தூங்கிவிட்டாள்.

பிளெஸ்ஸி கடைசி சுரத்தில் நிற்காமல் மெட்டின் தொடக்கத்துக்குத் திரும்பினாள். மறுபடி ஒரு முறை. பின் இன்னொரு முறை. போதகர் ஆசீர்வாதம் சொல்ல எழுந்து நின்றிருந்தார். என்ன நடக்கிறது என்று கண்டுகொண்டு, சத்தம் வராமல் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். செயலாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் விசிறியைப் போடச் சொல்லவில்லை. சுகந்தி தானாகக் கண் விழிக்கும்வரை பிளெஸ்ஸி நிறுத்தாமல், சத்தத்தை ஒரு பொட்டும் கூட்டாமல், வாசித்துக்கொண்டே இருந்தாள்.